ஒரே ஏரி, இரண்டு பாட்டில்கள்

போன தை மாதம் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். எம்.எஸ்சி. தாவரவியல் முடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கைப்பையிலிருந்து இரண்டு கடிதங்களை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். ஒன்று, சென்னையில் ஒரு சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தின் வேலை நியமனம். மற்றது, ஈரநிலச் சூழலியல் ஆய்வுத் திட்டம் ஒன்றில் களப்பணிக்கான அழைப்பு. அது மூன்று வருடத்துக்கு மட்டும்.

"அத்தை, நீங்க ரெண்டுலயும் இருந்தவங்க. எதுக்குப் போகட்டும்?"

சம்பளத்தை மட்டும் கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் பேசி முடித்திருப்பேன். ஒரு நீர்நிலைக்கு முன்னால் எப்படிப்பட்ட ஆளாகப் போய் நிற்கப் போகிறாள் என்பதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. அது எனக்குப் பிடிபடவே இருபது வருடம் ஆனது. சோறு போட்டுக்கொண்டே அன்று சொன்னது கொஞ்சம். சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மதுராந்தகத்துக்குப் பக்கம். அப்பா ஊர் ஏரியின் நீர்க்கட்டி. எந்த மடையை எப்போது திறப்பது, எந்தக் கழனிக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அறுவடைக்கு அறுவடை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் நெல் வரும், அதுதான் கூலி. ஐப்பசி பிறந்துவிட்டால் அவர் வீட்டில் தங்கமாட்டார். வரத்துக்கால் அடைபட்டிருக்கிறதா, கரையில் எங்காவது கசிகிறதா, ஏரி கோடி போகுமா என்று ராத்திரியெல்லாம் கரையிலேயே நடப்பார். நத்தைக்கொத்தி நாரைகள் கூட்டமாக இறங்கினால், "உள்வாயில நத்தை மேல வந்திருக்கு" என்பார். அவர் எதையும் எழுதிவைத்ததில்லை. முப்பது வருடத்து ஏரி அவர் தலைக்குள் இருந்தது.

ஈரநிலம் என்ற சொல்லை ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஏரி, தாங்கல், குட்டை, மடு, ஓடை, கழுவெளி, உப்பங்கழி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இருந்தது. இவை அத்தனையையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவரும் பெயர் பின்னால்தான் வந்தது. 1971 பிப்ரவரி 2-ல் ஈரானில் ராம்சர் என்ற ஊரில் கையெழுத்தான உடன்படிக்கை, இயற்கையானதோ செயற்கையானதோ, ஆண்டு முழுக்க நீர் நிற்பதோ சில மாதம் மட்டும் நிற்பதோ, நன்னீரோ உப்புநீரோ, எல்லாவற்றையும் ஈரநிலம் என்றது. எங்கள் ஏரியும் அதில் அடங்கும் என்று கல்லூரியில் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் நினைவிருக்கிறது. எங்களுக்குப் பக்கத்து வேடந்தாங்கல்காரர்களுக்கு அந்தப் பாடம் தேவைப்பட்டிருக்காது. பறவைகளைச் சுடக்கூடாது என்று அவர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி, 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டர் லியோனல் பிளேஸ் அந்த உரிமையை எழுத்தில் தந்திருக்கிறார். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் கழனிக்கு உரம் என்பது அந்த மக்களின் சொந்தக் கண்டுபிடிப்பு.

ஆனாலும் நான் படித்தது சுற்றுச்சூழல் அறிவியல்தான். ஈரநிலச் சூழலியல் என்று தனியாக ஒரு பட்டம் இருப்பதாக எங்கள் பக்கம் யாருக்கும் தெரியாது. இப்போதும் நம் பல்கலைக்கழகங்களில் அது பெரும்பாலும் விலங்கியல், தாவரவியல், சுற்றுச்சூழல் அறிவியல் இவற்றுக்குள் ஒரு தாளாகவோ, முனைவர் பட்டத் தலைப்பாகவோதான் இருக்கிறது.

சுற்றுச்சூழல் அறிவியலின் பரப்பு எனக்குப் பிடித்திருந்தது. காலையில் காற்று மாசு, மதியம் திடக்கழிவு, மறுநாள் நச்சியல், அடுத்த நாள் சட்டம், வார இறுதியில் செயற்கைக்கோள் படம். எந்தத் தொழிற்சாலைக்குள் போனாலும், எந்த ஊர்க் குப்பைமேட்டில் நின்றாலும் கேட்பதற்கு ஒரு கேள்வியும், அளப்பதற்கு ஒரு முறையும் கையில் இருக்கும்.

வேலை எங்கிருந்து வருகிறது என்பதும் அந்த வகுப்பில்தான் புரிந்தது. 1974-ல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது, அதோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் வந்தன. 1984 போபால் துயரத்துக்குப் பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1994-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயமானது. ஒவ்வொரு சட்டமும் சோதிக்கச் சொன்னது, பதியச் சொன்னது, அறிக்கை கேட்டது. அதைச் செய்ய ஆட்கள் வேண்டியிருந்தது. வாரியம், ஆய்வகம், ஆலோசனை நிறுவனம், ஆலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், நகராட்சி, கல்லூரி என்று இந்தத் துறையில் படித்தவருக்கு ஏதாவது ஒரு கதவு திறந்தே இருக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது சின்ன விஷயமில்லை.

2004-ல் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தேன். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு மூன்று பேட்டரி போடும் டார்ச் லைட் வாங்கிக் கொடுத்தேன், கரையில் நடக்க.

ஆய்வக வேலை எனக்கு ஒழுங்கைக் கற்றுக்கொடுத்தது. பி.ஓ.டி. சோதனை என்றால் நீரைப் பாட்டிலில் அடைத்து 27 டிகிரியில் மூன்று நாள் இருட்டில் வைப்போம். அதிலுள்ள நுண்ணுயிர்கள் கழிவைத் தின்னும்போது எவ்வளவு ஆக்சிஜன் குறைகிறது என்று பார்ப்போம். சுத்திகரித்த கழிவுநீரை ஆற்றிலோ ஏரியிலோ விடுவதற்குப் பொதுவான வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம். 28 வந்தால் ஓர் ஆலைக்கு நிம்மதி, 34 வந்தால் கடிதப் போக்குவரத்து. பாட்டிலுக்குள் ஒரு காற்றுக்குமிழி சிக்கினாலும் கணக்கு தவறிவிடும். அந்தக் குமிழியைத் தட்டி வெளியேற்றும் பொறுமையை இன்றுவரை நான் விடவில்லை.

நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் சோதனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 300 மில்லி கண்ணாடிப் பாட்டிலில் நீர் பிடித்ததும் மாங்கனீஸ் சல்பேட்டையும், அயோடைடு கலந்த காரக் கரைசலையும் விடவேண்டும். நீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாக ஒரு படிவு திரளும். இல்லையென்றால் படிவு வெள்ளையாகவே நிற்கும். பிறகு அமிலம் விட்டுக் கரைத்து, ஸ்டார்ச் சேர்த்து, நீலம் மறையும்வரை தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்கினால் எண் கிடைத்துவிடும். ஆனால் அந்தப் படிவின் நிறத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

2006-ல் ஆலோசனை நிறுவனம் ஒன்றுக்கு மாறியிருந்தேன். ஒரு தொழிற்பேட்டைக்காக ஊர் ஊராகப் போய் நீர் மாதிரி எடுக்கும் வேலை. ஒரு நாளைக்கு எட்டு இடம். அந்த வரிசையில் ஐந்தாவதாக வந்த ஏரி பச்சைப் பசேலென்று இருந்தது. காலை பதினொன்றரை மணி, நல்ல வெயில். பாட்டிலில் பிடித்துக் கரைசல்களை விட்டேன். படிவு ஃபில்டர் காபி டிகாஷன் போலக் கரும்பழுப்பாகத் திரண்டது. எண் 11-ஐத் தொட்டது. அந்த வெப்பத்தில் நீர் காற்றிலிருந்து தானாக ஏற்கக்கூடியது எட்டுக்குச் சற்றுக் கீழேதான். மிகையாக இருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றியது. ஆறாவது இடத்துக்குப் போக ஜீப் காத்திருந்ததால், "நன்று" என்ற கட்டத்தில் குறித்துக்கொண்டு கிளம்பினேன்.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்.

"ஏம்மா, என்ன பாக்கறீங்க தண்ணில?"

"மீனுக்கு மூச்சு விடற காத்து எவ்ளோ இருக்குன்னு பாக்கறேங்க ஐயா. நல்லாவே இருக்குது."

அவர் சிரிக்கவில்லை. "இந்த நேரத்துக்கு இருக்கும். விடியக்காலம் வந்து பாரு. மீனுங்க எல்லாம் வாயைத் தொறந்துகிட்டு மேல வந்து நிக்கும்."

அது என் மனதை விட்டுப் போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சொந்தச் செலவில், அப்பாவின் டார்ச் லைட்டை வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு முந்தி ஒரு லாரியில் ஏறிப் போனேன். மணி ஐந்து. வெளிச்சம் அடித்தால் நீர்ப்பரப்பெங்கும் சின்னச் சின்ன வட்டங்கள். கெண்டைகள் நீரின் மேல்தோலில் வாய் வைத்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. அதே இடத்தில் பாட்டிலைப் பிடித்து அதே கரைசல்களை விட்டேன். படிவு பால் போல வெள்ளையாக நின்றது. எண் ஒன்றைக்கூட எட்டவில்லை.

காரணம் எனக்குப் பாடத்தில் தெரிந்ததுதான். கழிவோடு வரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசியைக் கொழிக்க வைக்கின்றன. பகலில் பாசி வெயிலைக் குடித்து ஆக்சிஜனை அள்ளிக் கொடுக்கும். இரவில் அதே பாசி, அழுகும் பாசி, நுண்ணுயிர், மீன் எல்லாம் சேர்ந்து அதை எடுத்துத் தீர்த்துவிடும். ஏரி நோயில் இருப்பதன் அடையாளமாகிய அந்த 11-ஐத்தான் நான் ஏரி நலமாக இருப்பதற்குச் சான்றாக எழுதியிருந்தேன். பாட்டில் பொய் சொல்லவில்லை, என் கணக்கிலும் பிழை இல்லை. ஏரிக்கு ஒரு நாள் என்று ஒன்று உண்டு. அதில் ஒரே ஒரு நிமிடத்தைப் பார்த்துவிட்டு நான் திரும்பியிருந்தேன்.

அலுவலகத்தில் சொன்னேன். ஒப்பந்தத்தில் ஓர் இடத்துக்கு ஒரு மாதிரி என்றுதான் இருக்கிறது என்றார்கள். அது உண்மை. ஒப்பந்தப்படி நாங்கள் எதையும் விட்டுவைக்கவில்லை.

அடுத்த வருடம் இன்னொரு இடம். கடற்கரையை ஒட்டி, சித்திரை வெயிலில் வெடித்துக் கிடந்த நிலம். வருவாய்க் கணக்கில் தரிசு. நாங்களும் "புதர், வறண்ட புல்" என்று எழுதினோம். விரைவுத் தாக்க மதிப்பீட்டுக்கு ஒரு பருவத்துத் தரவு போதும், அதுவும் மழைக்காலம் அல்லாத பருவம். வேறு வேலையாக மார்கழியில் அந்த வழியே பஸ்ஸில் போனபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வானத்தின் நிறத்தில் நீர். முழங்கால் ஆழத்தில் அரிவாள் மூக்கன்களும் நாரைகளும். வாத்துக்கூட்டம் எழுந்து மறுபடி அமர்ந்தது. அது கழுவெளி. வருடத்தில் நான்கைந்து மாதம் மட்டும் உயிரைக் காட்டும் நிலம். அது தூங்கும் மாதத்தில் போய்ப் பார்த்துவிட்டு, உயிரில்லை என்று நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அந்தப் பயணத்தில்தான் முடிவெடுத்தேன். 2008-ல் ஓர் ஈரநில ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்தபோது சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. "மூணு வருஷம் முடிஞ்சா அப்புறம்?" என்று அம்மா கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. பின்னால் ஒரு திட்டம் முடிந்து அடுத்தது தொடங்க ஏழு மாதம் ஆனபோது, அந்த ஏழு மாதமும் டியூஷன் எடுத்துத்தான் வீட்டு வாடகை கொடுத்தேன். இதை மறைத்துவிட்டு யாரையும் இந்தத் துறைக்கு அழைக்கக்கூடாது.

அதே சமயம், அங்கே கற்றது வேறெங்கும் கிடைத்திருக்காது. முதல் நாள் மூத்த ஆய்வாளர் ஒரு துளைக்குழாயைச் சேற்றில் இறக்கி மண்ணை எடுத்துக் கையில் கொடுத்தார். நீலம் கலந்த சாம்பல் நிறம், அழுகிய முட்டை வாடை. நீர் நின்று ஆக்சிஜன் அற்றுப்போன மண்ணில் இரும்பு நிறமிழந்துவிடும், கந்தகம் அந்த வாடையாக வெளிப்படும். அந்தச் சாம்பல் மண்ணுக்குள் மெல்லிய துருநிறக் கோடுகள் ஓடின. அவை வேர்கள் போன தடங்கள். சம்பின் தண்டைக் குறுக்கே அறுத்துக் காட்டினார், தேனடை போல உள்ளே முழுக்கக் காற்றறைகள். மேலிருந்து மூச்சை வாங்கி வேர்வரை கொண்டுபோகிறது செடி. வேரிலிருந்து கசியும் அந்தக் காற்றுதான் சுற்றியுள்ள இரும்பைத் துருவாக்குகிறது. மண்ணின் நிறத்தை மன்செல் வண்ண அட்டைகளோடு ஒப்பிட்டு, நீர் வற்றிக் கிடக்கும் கோடையிலும் இது ஈரநிலம் என்று சொல்லிவிடலாம். அந்த வெடித்த நிலத்தில் என்னிடம் ஒரு மண்வெட்டியும் இந்தப் படிப்பும் இருந்திருந்தால் போதுமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் கழனியிலிருந்து ஒரு நெற்பயிரைப் பிடுங்கி வேரைக் காட்டினார். துருநிறம். "நல்ல வேர்னா இப்படித்தான் செவந்து இருக்கும். கறுத்துச்சுன்னா தண்ணிய வடிச்சுடுவோம்." நெல்லும் ஓர் ஈரநிலத் தாவரம்தான் என்று நான் படித்து அறிந்துகொண்டதை அவர் கைகள் எப்போதோ அறிந்திருந்தன.

ஈரநிலச் சூழலியலில் காலம்தான் முதல் கருவி. ஒரே பாதையில், ஒரே மாதத்தில், வருடக்கணக்காக நடக்கவேண்டும். ஜனவரிதோறும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் இப்படித்தான் சேர்ந்துகொண்டிருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு வருடமும் ஒரு பட்டியல்தான். பத்துப் பதினைந்தை அடுக்கிவைத்தால்தான் ஏரி பேசத் தொடங்கும்.

ராஜஸ்தானில் பரத்பூரிலுள்ள கேவலாதேவ் பறவைச் சரணாலயத்தின் கதையை எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். பறவைகளின் நன்மைக்கென்று 1982-ல் அங்கே எருமை மேய்ச்சலைத் தடைசெய்தார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர்கள் வி. எஸ். விஜயன் தலைமையில் பத்து வருடம் அங்கே தங்கிப் பார்த்து எழுதியது வேறு. மேயும் எருமை இல்லாததால் நீர்ப்புல் மண்டி, திறந்த நீர் சுருங்கி, பறவைகளுக்குத்தான் கேடு வந்தது. அதை ஒரே பருவத்தில் யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. தங்கிப் பார்க்க ஆள் இல்லாததால் தவறாகப் போன முடிவுகள் இன்னும் எத்தனை என்று நினைக்கும்போது எனக்குத் துக்கமாக இருக்கும்.

இதோடு நிறுத்தினால், ஒரு துறையை விட்டு இன்னொன்றுக்குப் போனவள் புதியதைப் புகழ்வதாகத்தான் இருக்கும். என் பாடம் அதோடு முடியவில்லை.

நான் வருடக்கணக்காக நடந்த ஒரு சதுப்பில், வடக்கு மூலையில், நீளவால் இலைக்கோழிகள் குறையத் தொடங்கின. மிதக்கும் இலைகளின் மேல் நடந்து, அவற்றின்மேலேயே முட்டையிடும் பறவை அது. அல்லி இலைகள் கருகி மறைந்திருந்தன. அந்த இடத்தில் நெடுங்கால் உள்ளான்கள் நூற்றுக்கணக்கில் பெருகின. சாக்கடை கலந்த நீரில் தயங்காமல் மேயும் பறவை அது. எங்கிருந்தோ கழிவு வருகிறது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பதினொரு வருடத்துக் கணக்கையும் வரைபடமாக்கி ஒரு கூட்டத்துக்குக் கொண்டுபோனேன்.

அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "பறவை போயிடுச்சுன்னு சொல்றீங்க, ஒத்துக்கறேன். எதனால போச்சுன்னு பறவை சொல்லாதே மேடம். எவ்வளவு கழிவு, எந்த வாய்க்கால், எந்த நேரம்? நம்பர் இருக்கா?"

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவர் கேட்டது சரியென்றே பட்டது. நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, வழக்கில் நிற்கவேண்டிய மாதிரிக்கு ஒரு முறை உண்டு. நிறுவனத்தாருக்கு அறிவித்து, அவர் முன்னிலையில் எடுத்து, இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு, அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும். இலைக்கோழியை முத்திரை வைத்து அனுப்ப முடியாது. ஆனால் வாரியத்தை எந்த வாய்க்காலுக்கு, எந்த நேரத்தில் வரச்சொல்வது என்பதையாவது நான் காட்டியிருக்கவேண்டும். அந்தக் கல்வி எனக்கு இருந்தது. பன்னிரண்டு வருடமாக அதை எடுத்துப் பார்க்காமல் விட்டிருந்தேன்.

பழைய ஆய்வகத்தில் எனக்குப் பின்னால் சேர்ந்த பெண்ணை அழைத்தேன். "அக்கா, நீங்க இடத்தைக் காட்டுங்க, நான் பாட்டிலோட வர்றேன்" என்றாள். எங்கே எடுப்பது என்று நான் சொன்னேன், எப்படி எடுப்பது என்று அவள் சொன்னாள். ஐந்து வாய்க்கால்களில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு பகலும் ஓர் இரவும் கொசுக்கடியில் உட்கார்ந்து எடுத்தோம். பகலில் ஐந்தும் ஒன்றுபோல் இருந்தன. நள்ளிரவு தாண்டியதும் ஒன்றில் மட்டும் நுரை புரண்டது. அந்த ஒற்றை வாய்க்காலையும் அந்த மூன்று மணி நேரத்தையும் குறித்துக் கொடுத்தோம். வாரியத்திலிருந்து இரவில் வந்து சட்டப்படி மாதிரி எடுத்தார்கள். வாய்க்கால் அடைக்கப்பட்டது. அடுத்த மழைக்கு அல்லி வந்தது. அதற்கடுத்த மழைக்கு ஒரு ஜோடி இலைக்கோழி.

நான் மட்டும் இருந்திருந்தால் அந்தச் சதுப்பின் மரணத்தைத் தேதிவாரியாக அழகாக எழுதிவைத்திருப்பேன். அவள் மட்டும் வந்திருந்தால் பகல் பன்னிரண்டு மணிக்கு மாதிரி எடுத்து, வரம்புக்குள் இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போயிருப்பாள்.

இந்த இரண்டும் ஒரே ஆளுக்குள் கூடிவந்த ஒருவரை எப்போதும் நினைத்துக்கொள்வேன். கல்கத்தாவின் துருவஜோதி கோஷ். மேற்கு வங்க அரசில் சுகாதாரப் பொறியாளர். நகரத்துச் சாக்கடை கடைசியில் என்ன ஆகிறது என்ற கேள்வியோடு 1980-களில் அதன் போக்கிலேயே போனார். நகருக்குக் கிழக்கே மீனவர்களும் விவசாயிகளும் அந்த நீரை ஆழமில்லாத குளங்களில் தேக்கி, வெயிலும் பாசியும் சுத்தம் செய்ய விட்டு, அதிலேயே மீன் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். சுத்திகரிப்பு ஆலை செய்யவேண்டியதை ஈரநிலம் செய்துகொண்டிருந்தது. அவர் அதை அளந்தார், வரைபடமாக்கினார், அந்த மக்களிடமே கற்றார், நிலத்துக்காக வாதாடினார். சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள கிழக்குக் கல்கத்தா ஈரநிலங்கள் 2002-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. 2018-ல் அவர் காலமானபோது, நேரில் பார்த்திராத ஓர் ஆசிரியரை இழந்ததாக உணர்ந்தேன்.

நம் பக்கமும் நிலைமை மாறியிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கியபோது, சதுப்பு என்பது நகரத்தின் தண்ணீர்த் தொட்டி என்று புத்தகம் படிக்காதவர்களுக்கும் புரிந்தது. 2022-க்கு முன் தமிழ்நாட்டில் கோடியக்கரை ஒன்றுதான் ராம்சர் தலம். அந்த ஒரே வருடத்தில் பள்ளிக்கரணை, வேடந்தாங்கல், கரிக்கிலி, பிச்சாவரம் எல்லாம் சேர்ந்தன. 2025 தொடக்கத்தில் எண்ணிக்கை 20 ஆனது. ஒவ்வொன்றுக்கும் மேலாண்மைத் திட்டம் எழுதவேண்டும், நீர்வரத்தை அளக்கவேண்டும், கணக்கெடுக்கவேண்டும். நான் சேர்ந்தபோது இருந்ததைவிட இன்று வேலை அதிகம். தாக்க மதிப்பீட்டு நிறுவனங்களும் அங்கீகாரம் பெறக் காற்று, நீர், மண் நிபுணர்களோடு சூழலியல் நிபுணரையும் வைத்திருக்கவேண்டும். ஆனாலும் 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள், பாசனத்துக்கென்று மனிதர் கட்டிய நீர்நிலைகளைத் தம் வரையறைக்கு வெளியே நிறுத்தியிருக்கின்றன. அப்பா காவல் காத்த ஏரியைப் போன்ற ஆயிரக்கணக்கான ஏரிகள் அந்த வெளியில்தான் நிற்கின்றன. அவற்றுக்காகப் பேச ஆள் வேண்டும்.

அண்ணன் மகளிடம் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். ஆலோசனை நிறுவனத்துக்குப் போனால் வருடத்துக்கு இருபது இடம் பார்ப்பாய். சட்டம், அறிக்கை, ஆட்களோடு பேரம், கெடுவுக்குள் முடிப்பது எல்லாம் பழகும். சம்பளம் மாதம் தவறாமல் வரும். எந்த இடத்தையும் இரண்டாம் முறை பார்க்க நேரம் கிடைப்பது அரிது. களத் திட்டத்துக்குப் போனால் மூன்று வருடமும் ஒரே நீர். அது உன்னை நம்பத் தொடங்கும்போது பணம் தீர்ந்துபோகலாம். எதற்குப் போனாலும் மற்றதன் கருவியைக் கைவிடாதே. அங்கே போனால் ஒரு நீர்நிலையையாவது சொந்தமாக வைத்துக்கொண்டு விடுமுறைதோறும் போ. இங்கே வந்தால் வேதியியலை மறக்காதே, உன் மாதிரி நீதிமன்றத்தில் நிற்கும்படி எடுக்கக் கற்றுக்கொள்.

அவள் தலையாட்டினாள். முகத்தில் தெளிவில்லை. பேச்சால் தெளிகிற விஷயமில்லை இது என்று எனக்கும் தெரியும். மறுநாள் சனிக்கிழமை, இருவரும் ஊருக்குப் போனோம். பையில் இரண்டு பி.ஓ.டி. பாட்டில், கரைசல்கள், ஒரு சின்னப் பியூரெட். அப்பா போய் ஒன்பது வருடமாகிறது. அவருடைய டார்ச் லைட் அண்ணன் வீட்டு மாடத்தில் இன்னும் இருக்கிறது.

விடியுமுன் மதகுப் பக்கம் இறங்கினோம். ஏரி நிரம்பி இருந்தது. புதிதாக வந்த வீடுகளின் சாக்கடை ஒன்று மேற்கு மூலையில் சேர்வது அண்ணன் சொல்லித் தெரியும். குமிழி விழாமல் பாட்டிலைப் பிடிப்பது எப்படி என்று ஒருமுறை காட்டினேன். இரண்டாம் முறை அவளே பிடித்தாள். கரைசல்களை விட்டுத் தலைகீழாகப் புரட்டினாள். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். பாலில் இரண்டு சொட்டு டிகாஷன் விட்டதுபோல ஒரு நிறம்.

"இது நல்லதா, கெட்டதா அத்தை?"

"நீ என்ன நினைக்கிறே?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. பாட்டிலைக் கரைமேல் நிழலாக ஓரிடத்தில் நிறுத்திவைத்தாள். கிழக்கே வெளுக்கத் தொடங்கியிருந்தது. மேற்கு மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மீதியிருந்த காலிப் பாட்டிலை ஏரி நீரில் அலசி மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தாள்.

"மத்தியானமும் ஒண்ணு எடுத்துப் பார்க்கணும் அத்தை. அது வரைக்கும் இருக்கலாமா?"

அவள் பக்கத்தில் இடம் பார்த்து நானும் உட்கார்ந்தேன்.